துளையட்டை கண்ட ஹாலரித்

ஒரு நாட்டின் மக்களை எண்ணி முடிப்பதற்குள் அடுத்த கணக்கெடுப்பே வந்துவிடுமாயின், அந்த எண்ணிக்கையால் யாது பயன்? அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்கு இந்த இடர் நேர்ந்தது. 1880ஆம் ஆண்டில் எடுத்த குடிமதிப்பைத் தொகுத்து முடிக்க ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் சென்றன. அப்பணியில் அமர்ந்திருந்த இளைஞருள் ஒருவர் ஹெர்மன் ஹாலரித். ஜெர்மனியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1860இல் பஃபலோ நகரில் பிறந்தவர். கொலம்பியாவில் சுரங்கத் தொழிற்கல்வி பயின்றவர்.

ஆளுக்கோர் அட்டை என வகுத்து, ஆணா பெண்ணா, அகவை என்ன, தொழில் யாது என்பவற்றை உரிய இடங்களில் துளைகளாக இட்டார் ஹாலரித். அட்டையைப் பொறியில் வைத்து அழுத்தினால், துளையுள்ள இடத்தில் மட்டும் ஊசி இறங்கிப் பாதரசத்தைத் தொடும், மின்னோட்டம் பாயும், எண்முகத்தின் முள் ஓர் எண் முன்னேறும். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகளால் செய்தி சொல்லும் இம்முறைக்கும் இன்றைய கணினிக்கும் நெருங்கிய உறவு உண்டு.

1889இல் அவர் காப்புரிமை பெற்றார். குடிமதிப்புத் துறை நடத்திய போட்டியில், மற்ற இரு முறைகளுக்கு 40 மணிக்கு மேல் பிடித்த தொகுப்பு வேலையை அவர் பொறி 6 மணிக்குள் முடித்தது. 1890ஆம் ஆண்டின் கணக்கு அவரிடமே வந்தது. ஆறு கோடிக்கு மேற்பட்ட மக்களின் மொத்தத் தொகை சில மாதங்களிலேயே வெளியாயிற்று.

வெற்றிதான், ஆயினும் அதனுள்ளே ஒரு சிக்கல் இருந்தது. பத்தாண்டுக்கு ஒருமுறை வருகின்ற வாடிக்கையாளரை நம்பி எவர் தொழில் நடத்த முடியும்? பொறிகளை அவர் விற்கவில்லை, வாடகைக்கே விட்டார். குடிமதிப்பு முடிந்ததும் அவை திரும்பி வந்து வாளாவிருந்தன. அக்காலத்தில் இருப்புப் பாதைகள் பெருகி, சரக்குச் சீட்டுகள் மலைபோற் குவிந்துகொண்டிருந்தன. ஹாலரித் நியூயார்க் சென்ட்ரல் இருப்புப் பாதை நிறுவனத்தை அணுகினார். ஆட்களை ஒவ்வொன்றாய் எண்ணிய பொறி, அங்கே எடையையும் கட்டணத்தையும் கூட்ட வேண்டியிருந்தது. அதற்கேற்ப அதைத் திருத்தியமைத்த பின்னரே அந்நிறுவனம் அதனை ஏற்றது. 1896இல் தமக்கென ஒரு நிறுவனம் தொடங்கினார். வாடகையோடு, நாள்தோறும் செலவாகும் அட்டைகளும் அவருக்கு வருவாய் தந்தன.

எனினும் விட்டுக்கொடுக்கும் இயல்பு அவரிடம் குறைவு. 1900ஆம் ஆண்டுக் கணக்கின் பின், வாடகை மிகுதி என்று அரசு முறையிட்டது; அவர் இசையவில்லை. 1905இல் உறவு முறிந்தது. குடிமதிப்பு அலுவலகம் தானே பொறிகள் செய்ய முற்பட்டது. அங்குப் பணியாற்றிய ஜேம்ஸ் பவர்ஸ் பின்னர் சந்தையில் அவருக்குப் போட்டியாளரானார்.

1911இல் ஹாலரித் தம் நிறுவனத்தை விற்றார். அது வேறு நிறுவனங்களோடு இணைந்து, 1924இல் ஐ.பி.எம். என்னும் பெயர் பூண்டது. ஹாலரித் 1929இல் வாஷிங்டன் நகரில் காலமானார். அவர் வகுத்த துளையட்டைகள் அதற்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் அலுவலகங்களில் வழங்கி வந்தன.