ரெண்டு விரலில் ஜாஸ் கிதார்... யார் இந்த ஜாங்கோ ரெய்ன்ஹார்ட்?

கிதார் கத்துக்க ஆரம்பிக்கிற பலரும் எஃப் கார்டு வந்ததும் திணறுவார்கள். அத்தனை விரலும் நன்றாக இருக்கும்போதே இந்தப் பாடு. இடது கையில் ரெண்டு விரல் முடங்கிய பிறகுதான் ஜாங்கோ ஐரோப்பிய ஜாஸின் பெரிய பெயரானார்.

1910-ல் பெல்ஜியத்தில், வண்டியிலேயே ஊர் ஊராகப் போய் வாழும் ரோமானி குடும்பத்தில் பிறந்தவர். வளர்ந்தது பாரீஸ் ஓரத்தில். இசைக் குறியீடு படிக்கத் தெரியாது. ஆனால், பதின்ம வயசிலேயே நடனக் கூடங்களில் பாஞ்சோ வாசித்துச் சம்பாதித்தார்.

1928 நவம்பரில் ஒருநாள் இரவு, அவர் குடியிருந்த வண்டி தீப்பிடித்தது. மனைவி விற்பதற்காகச் செய்து வைத்திருந்த செல்லுலாய்டு பூக்கள் குப்பென்று பற்றிக்கொண்டன. வலது காலை எடுக்க வேண்டும் என்றார்கள் டாக்டர்கள். ஜாங்கோ மறுத்துவிட்டார், கால் தப்பியது. இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. கார்டு பிடிக்கிற கை அது. வயசு 18.

தம்பி ஜோசப் ஒரு கிதார் கொண்டுவந்து கொடுத்தார். மாதக்கணக்கில் படுக்கையில் இருந்தபடியே எல்லாவற்றையும் முதலிலிருந்து பழகினார். சோலோவுக்கு ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மட்டும். மடங்கிய விரல்களை மெல்லிய கம்பிகளில் சும்மா ஊன்றி, சின்னச் சின்ன கார்டுகள். அதில்தான் விஷயமே இருக்கு. ஏ மைனர் 6 கார்டை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏ, சி, இ, எஃப் ஷார்ப். விரலை நகர்த்தவே வேண்டாம். பேஸ்காரர் அடியில் டி வாசித்தால் அதுவே டி 9 ஆகிவிடும். ஒரே பிடி, ரெண்டு வேலை!

1934-ல் வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு சேர்ந்து பாரீஸில் ஐவர் குழு தொடங்கினார். டிரம்ஸே கிடையாது. அந்த வேலையை கிதார்களே பார்த்தன. நாலு தட்டில் ரெண்டாவதையும் நாலாவதையும் அழுத்தி அடித்து, உடனே இடது கையைத் தளர்த்திச் சத்தத்தை அடக்குவது. இதற்குப் பெயர் 'லா பாம்ப்'. கார்டு மாற்றுவதைவிட இதுதான் கஷ்டம். வேகம் கூடினால் மணிக்கட்டு இறுகிப்போகும்.

நாஜிகள் ரோமானி மக்களைக் கொன்று குவித்த காலத்திலும், அவர்கள் பிடியிலிருந்த பாரீஸில் வாசித்தார். 1946-ல் டியூக் எலிங்டனோடு அமெரிக்கப் பயணம். 1953 மே 16-ல் மூளையில் ரத்தக்கசிவு ஏற்பட்டு இறந்தபோது வயசு 43.

ஜிப்ஸி ஜாஸ் பழகுகிறவர்களில் சிலர் இன்றும் அந்த ரெண்டு விரலை மட்டும் வைத்து அவருடைய சோலோக்களை வாசித்துப் பார்க்கிறார்கள்.