ராஜாஜியும் 21 கொள்கைகளும்

தேர்தல் நெருங்கும்போது அரசியல் கட்சிகள் கொள்கை அறிக்கைகளை வெளியிடுகின்றன. சமூகநீதி, பொருளாதாரம், வெளியுறவு என அனைத்துக்கும் அதில் இடமுண்டு. வாக்களிப்பவர்களில் அதை முழுமையாகப் படிப்பவர்கள் மிகச் சிலரே. தருமபுரியில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்த நான், இத்தகைய அறிக்கைகளை வகுப்பில் பாடமாகவே வைத்ததுண்டு. இதற்கான செலவை யார் ஏற்கப்போகிறார்கள் என்பதும், இதனால் யாருடைய சுதந்திரம் கூடும், யாருடையது குறையும் என்பதும் மாணவர்களிடம் நான் தவறாமல் எழுப்பிய கேள்விகள்.

இந்தக் கேள்விகளையே அடித்தளமாகக் கொண்டு ஒரு கட்சியைத் தொடங்கியவர் எங்கள் பகுதியில் பிறந்தவர் என்பதைப் பல மாணவர்கள் அறிந்திருக்கவில்லை. அவர் சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார் என்ற ராஜாஜி.

ஒசூரை அடுத்த தொரப்பள்ளி கிராமத்தில் 1878 டிசம்பரில் அவர் பிறந்தார். அன்று அது சேலம் மாவட்டம். 1965ல் தருமபுரி தனி மாவட்டமானபோது அதில் சேர்ந்தது. 2004ல் கிருஷ்ணகிரி பிரிந்தபோது அதனுடன் சென்றது. தந்தை கிராம முன்சீப். ஒசூரிலும் பெங்களூரிலும் படித்துவிட்டு, சென்னையில் சட்டம் பயின்று, 1900ஆம் ஆண்டில் சேலத்தில் வழக்குரைஞரானார். நல்ல வருமானம் தந்த தொழில் அது. 1917 முதல் 1919 வரை சேலம் நகராட்சித் தலைவராக இருந்தார். பின்னர் காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கத்துக்காக வழக்குரைஞர் தொழிலைக் கைவிட்டார்.

1925ல் திருச்செங்கோடு அருகே புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். கதர் உற்பத்தி, தீண்டாமை ஒழிப்பு, மதுவிலக்குப் பிரசாரம் ஆகியவை அங்கு நடந்தன. மதுவிலக்குக்காகவே விமோசனம் என்ற இதழை அங்கிருந்து நடத்தினார். கல்கி அதில் அவருக்குத் துணையாக இருந்தார். 1930ல் திருச்சியிலிருந்து வேதாரண்யம் வரை உப்பு சத்தியாகிரக யாத்திரையை நடத்திச் சிறை சென்றார். 1933ல் தம் மகள் லட்சுமியைக் காந்தியடிகளின் மகன் தேவதாஸுக்குச் சாதி கடந்து மணம் செய்து கொடுத்தார்.

1937ல் அவர் சென்னை மாகாணப் பிரதமரானார். பொருளியல் ஆசிரியன் என்ற முறையில் என்னை மிகவும் ஈர்ப்பது இந்த இரண்டே கால் ஆண்டுகள்தாம். மதுவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, சேலம் மாவட்டத்தில். அதாவது இன்றைய தருமபுரியும் கிருஷ்ணகிரியும் உள்ளடங்கிய பகுதியில். மது வருவாய் போனால் கருவூலத்தில் பள்ளம் விழும் என்பது அவருக்குத் தெரியும். அந்தப் பள்ளத்தை நிரப்ப 1939ல் பொது விற்பனை வரியைச் சட்டமாக்கினார். வணிகர்கள் எதிர்த்தார்கள். ஆனால், நல்ல காரியத்தை அறிவித்துவிட்டு அதற்கான பணத்தைப் பற்றிப் பேசாமல் இருக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. பிற்காலத்தில் எல்லா மாநிலங்களும் பெரிதும் நம்பியிருந்த வரி அது.

1938ல் விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் வந்தது. பழைய கடன்களில் நிலுவையாக நின்ற வட்டி தள்ளுபடியானது. அசலைப்போல் இரு மடங்கு ஏற்கெனவே செலுத்தியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. மானாவாரி நிலத்தை அடகு வைத்து வட்டியிலேயே வாழ்நாளைக் கழித்த குடும்பங்களுக்கு அது பெரும் விடுதலை. 1939ல் ஒடுக்கப்பட்ட மக்களின் ஆலய நுழைவுக்குச் சட்டப் பாதுகாப்பும் அவர் காலத்திலேயே கிடைத்தது.

அதே ஆட்சிதான் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. எதிர்த்தவர்களைச் சிறையில் அடைத்தது. நடராசனும் தாளமுத்துவும் 1939ல் சிறைவாசத்தின்போது உயிரிழந்தனர். இதைச் சொல்லாமல் ராஜாஜியின் வரலாற்றை எழுத முடியாது.

1942ல் பாகிஸ்தான் கோரிக்கை குறித்து முஸ்லிம் லீக்குடன் பேச வேண்டும் என்றதால் காங்கிரஸிலிருந்து விலக நேர்ந்தது. விடுதலைக்குப் பின் மேற்கு வங்க ஆளுநர், 1948 ஜூன் முதல் 1950 ஜனவரி வரை நாட்டின் தலைமை ஆளுநர், படேலின் மறைவுக்குப் பின் உள்துறை அமைச்சர் என்று உயர்ந்த பொறுப்புகளை வகித்தார்.

1952 தேர்தலில் சென்னை மாநிலத்தில் காங்கிரஸுக்குப் பெரும்பான்மை கிடைக்கவில்லை. தேர்தலில் நிற்காத ராஜாஜி, சட்ட மேலவைக்கு நியமிக்கப்பட்டு முதலமைச்சரானார். ஜனநாயக மரபுக்கு இது உகந்ததா என்ற வினா அன்றே எழுந்தது. பதவியேற்ற சில வாரங்களில் உணவு தானியக் கட்டுப்பாட்டையும் ரேஷனையும் நீக்கினார். பலரும் அஞ்சியதுபோல் பஞ்சம் வரவில்லை; பதுக்கிய நெல் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டில் தஞ்சைக் குத்தகைதாரர்களையும் பண்ணையாட்களையும் வெளியேற்றத்திலிருந்து காக்கும் அவசரச் சட்டத்தையும் கொண்டுவந்தார். சந்தையை நம்பியவர், நலிந்தவர் பக்கம் சட்டம் நிற்க வேண்டிய இடத்தையும் அறிந்திருந்தார்.

ஆனால், 1953ல் அவர் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம் அவருடைய மிகப் பெரிய தவறாக முடிந்தது. கிராமப் பள்ளியில் அரை நாள் பாடம். மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்பது. ஒரே கட்டடத்தில் இரு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது நிதிக் கணக்கு. கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால், சாதியோடு தொழில் பிணைந்த சமூகத்தில் தந்தையின் தொழிலைப் பிள்ளைக்குப் பள்ளியே பரிந்துரைப்பது என்ன பொருள் தரும்? குலக்கல்வித் திட்டம் என்று பெரியாரும் திராவிட இயக்கத்தாரும் எதிர்த்தனர். காங்கிரஸுக்குள்ளும் எதிர்ப்பு வலுத்தது. 1954ல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, சுமார் 68.5 விழுக்காடு. என் மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். அவர்களுடைய தாத்தா பாட்டிகள் பள்ளி செல்லும் வயதில் இருந்த காலம் அது. அரை நாள் பள்ளி நிலைத்திருந்தால் இந்த வகுப்பறைக்கு அவர்களில் எத்தனை பேர் வந்திருப்பார்கள் என்று எண்ணாமல் இருக்க முடிவதில்லை.

இந்தப் பின்னணியோடுதான் சுதந்திராக் கட்சியைப் பார்க்க வேண்டும். 1959 ஜனவரியில் நாகபுரி காங்கிரஸ் மாநாடு கூட்டுறவுக் கூட்டுப் பண்ணை முறையை ஏற்றது. அதே ஆண்டு ஜூனில் சென்னையில் புதிய கட்சி அறிவிக்கப்பட்டது. அப்போது ராஜாஜிக்கு வயது 80. என்.ஜி. ரங்கா தலைவரானார், மினு மசானி பொதுச் செயலாளரானார். ஆகஸ்டில் பம்பாயில் கூடிய மாநாட்டில் கட்சி 21 அடிப்படைக் கொள்கைகளை முன்வைத்தது.

சமயம், சாதி, தொழில், கட்சி வேறுபாடின்றி அனைவருக்கும் சமூகநீதியும் சம வாய்ப்பும் வேண்டும் என்று அது தொடங்கியது. நிலம் உழவனுக்கே சொந்தமாக இருக்க வேண்டும். உணவு, நீர், உடை, உறையுள் ஆகியவற்றுக்கு முன்னுரிமை வேண்டும். தனியார் முயற்சியால் இயலாத இடத்தில் மட்டும் அரசு தொழில் நடத்தலாம். போட்டியில்லாத துறையில் மிகை லாபத்தைத் தடுக்கலாம். சொத்தைக் கையகப்படுத்தினால் நியாயமான இழப்பீடு தர வேண்டும். திருப்பிச் செலுத்தும் ஆற்றலை மீறிய வெளிநாட்டுக் கடனும் பற்றாக்குறை நிதியும் கூடாது. செல்வர்களுக்கு காந்தியடிகள் கூறிய அறங்காவலர் பொறுப்பு உண்டு. இந்த அடிப்படைகளுக்கு அப்பாற்பட்ட எதிலும் உறுப்பினர் தம் மனம்போல் வாக்களிக்கலாம் என்பது இன்றைய கட்சிகள் கற்பனைகூடச் செய்ய இயலாத விதி. பெர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்யம் என்று அன்றைய ஆட்சிமுறைக்கு ராஜாஜி சூட்டிய பெயர் நிலைத்துவிட்டது.

உலக விவகாரத்தில் அவருடைய பார்வை எளிதில் ஒரு சிமிழுக்குள் அடங்காதது. சீனப் போருக்குப் பின் அணிசேராக் கொள்கையைக் கைவிட்டு மேலை ஜனநாயகங்களோடு நெருங்க வேண்டும் என்றது கட்சி. ஆனால், அந்த அமெரிக்காவின் அணு ஆயுதச் சோதனையையும் ராஜாஜி எதிர்த்தார். 1962 செப்டம்பரில், காந்தி அமைதி நிறுவனக் குழுவுடன் வாஷிங்டன் சென்று, சோதனைகளை நிறுத்துமாறு அதிபர் கென்னடியிடம் வேண்டினார். மேலைநாட்டுக்கு அவர் சென்ற ஒரே பயணம் அது. அடுத்த ஆண்டு அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் ஓரளவில் கையெழுத்தானது. 1964ல் ஷேக் அப்துல்லா சென்னைக்கு வந்து அவரைச் சந்தித்தபோது, காஷ்மீருக்குச் சமரசத் தீர்வு வேண்டும் என்ற நிலையிலேயே அவர் இருந்தார்.

மக்களவையில் 1962ல் 18 இடங்களை வென்ற கட்சி, 1967ல் 44 இடங்களுடன் மிகப் பெரிய எதிர்க்கட்சியானது. ஒருகாலத்தில் இந்தியைத் திணித்தவர், 1960களில் இந்தி ஆதிக்கத்தை எதிர்த்து அண்ணாவின் திமுகவுடன் கைகோத்தார். 1971 தேர்தலில் கட்சி எட்டு இடங்களாகச் சுருங்கியது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் மதுவிலக்கு தளர்த்தப்பட்டபோது முதலமைச்சர் கருணாநிதியிடம் நேரில் முறையிட்டும் பயனில்லை. 1972 டிசம்பர் 25 அன்று ராஜாஜி மறைந்தார். 1974ல் அவருடைய கட்சி பாரதிய லோக் தளத்தில் கரைந்தது.

ஏன் தோற்றது? ஒன்று, சிறு உழவருக்காகப் பேசிய கட்சியை மக்கள்முன் நடத்திச் சென்றவர்களில் முன்னாள் சமஸ்தானாதிபதிகளும் பெருந்தொழிலதிபர்களும் மிகுதி. மற்றொன்று, சொத்துரிமை என்பது சொத்துள்ளவருக்கே பொருள் தரும். பென்னாகரத்தில் இரண்டு ஏக்கர் கேழ்வரகு நிலம் வைத்திருப்பவருக்கு அந்த உரிமை அரண். அவர் நிலத்தில் கூலிக்கு வருபவருக்கு அதில் என்ன இருக்கிறது? அவருக்கு வேண்டியது முழு நாள் பள்ளியும் மருத்துவமனையும். அவற்றைத் தரும் அரசு சிறியதாக இருக்க இயலாது.

இதற்கு எங்கள் மண்ணிலேயே சான்றுண்டு. ராஜாஜி பிறந்த கிராமத்தை அடுத்த ஒசூர் இன்று தொழில் நகரம். 1970களில் சிப்காட் என்ற அரசு நிறுவனம் நிலம் எடுத்து, சாலையும் நீரும் தந்து, பின்தங்கிய பகுதிக்கான சலுகைகளையும் அளித்ததால் ஆலைகள் வந்தன. அவை மேலும் பெருகியது, 1991ல் லைசென்ஸ் முறை தளர்ந்த பிறகு. முதற்பாதியில் ராஜாஜி ஐயுற்ற அரசின் பங்கு உள்ளது. பிற்பாதியில் அவர் கேட்ட சுதந்திரத்தின் பங்கு உள்ளது. இரண்டில் ஒன்றை மறைத்துப் பேசுபவர் பொருளியலைப் பாதியாகவே படித்தவர் என்பேன்.

தருமபுரியில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு கலந்து பல தலைமுறைகளின் பற்களும் எலும்புகளும் பாழாயின. 2013ல் பயன்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானியக் கடனுதவியோடு அரசு கட்டியது. நீருக்கு முன்னுரிமை என்பதும், கடனைத் திருப்பும் ஆற்றலை அளந்து வாங்கு என்பதும் அந்த 21 கொள்கைகளில் உள்ளவையே. வேலை தேடி இளைஞர்கள் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறும் இம்மாவட்டத்தில், வாக்குக் கேட்டு வரும் எந்தக் கட்சியும் திட்டத்தோடு அதன் விலைச்சீட்டையும் சேர்த்துக் காட்ட வேண்டும். மது வருவாயை விட்டவுடன் வேறு வரியைத் துணிந்து கேட்ட முதலமைச்சர் ஒருவர் இங்கே பிறந்திருக்கிறார். அவருடைய அரை நாள் பள்ளியை நிராகரித்த அதே உறுதியோடு, அந்த நேர்மையைக் கேட்டுப் பெறும் உரிமையும் நமக்கு உண்டு.