மாமல்லபுரமும் அமரர் கல்கியும்

செங்கற்பட்டிலிருந்து பஸ் ஏறினால் சற்று நேரத்தில் மாமல்லபுரம் போய்ச் சேரலாம். அதனாலேயோ என்னவோ, நம்மில் பலர் ஐந்து ரதங்களைச் சுற்றிவந்து, சுண்டல் தின்று, திரும்பிவிடுகிறோம். அந்தக் கற்களைத் தமிழ் வாசகர் நெஞ்சில் பேசவைத்தவர் கல்கி. அவர் நூல்களை எந்த வரிசையில் படிக்கலாம் என்பதையும் அவர் வாழ்க்கையோடு சேர்த்தே இங்குச் சொல்கிறோம்.

தஞ்சை மண்ணில், மாயூரத்துக்கு அருகிலுள்ள புத்தமங்கலத்தில் 1899-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் பிறந்தார். இயற்பெயர் கிருஷ்ணமூர்த்தி. திருச்சியில் உயர்நிலைப் பள்ளியில் படித்து வந்தவர், காந்தியடிகளின் ஒத்துழையாமை அழைப்பைக் கேட்டு 1921-இல், இறுதித் தேர்வுக்குச் சில மாதங்களே இருக்கையில், படிப்பை விட்டார். பொதுத்தேர்வை எதிர்நோக்கியிருக்கும் நமக்கு இது திகைப்பாக இருக்கிறது. வீட்டில் என்ன சொன்னார்களோ! அடுத்த ஆண்டே ஓராண்டுச் சிறைத் தண்டனை கிடைத்தது. பட்டம் இல்லை, பரம்பரைச் சொத்தும் இல்லை. எழுத்து ஒன்றே துணை.

திரு.வி.க.வின் 'நவசக்தி'யிலும், பின்னர்த் திருச்செங்கோட்டு ஆசிரமத்தில் ராஜாஜியின் மதுவிலக்கு இதழிலும் பணியாற்றினார். அதன்பின் 'ஆனந்த விகடன்' ஆசிரியரானார். அங்கே எழுதிய 'தியாக பூமி' 1939-இல் திரைப்படமாகவும் வந்தது. கணவனால் கைவிடப்பட்ட சாவித்திரி தன் காலில் நின்று, அவனோடு வாழ மறுக்கும் கதை அது. அக்காலத்தில் அப்படி எழுதத் துணிவு வேண்டும். அதன் தேசபக்திக்காக ஆங்கில அரசு படத்தைத் தடை செய்தது.

1941-இல் விகடனை விட்டு விலகி, நண்பர் சதாசிவத்துடன் 'கல்கி' இதழைத் தொடங்கினார். அதற்கு வேண்டிய பணத்துக்காகவே சதாசிவத்தின் துணைவியார் எம்.எஸ். சுப்புலட்சுமி ஒரு திரைப்படத்தில் நாரதராக நடித்தார். அந்த இதழில் வந்த முதல் சரித்திரத் தொடர் 'பார்த்திபன் கனவு'. நாடு இழந்த சோழ இளவரசன் விக்கிரமன், இரத்தின வியாபாரி வேடத்தில் மாமல்லபுரத்தில் இறங்குகிறான். மூன்றே பாகங்கள். தொடங்குபவர்களுக்கு இதுவே ஏற்றது. சினிமா பார்த்த வேகத்தில் 'பொன்னியின் செல்வ'னைத் தூக்கிக்கொண்டு போய், நூறு பக்கத்தில் நின்றுவிட்ட தோழியர் பலரை நாங்கள் அறிவோம்.

அடுத்தது 'சிவகாமியின் சபதம்'. ரசிகமணி டி.கே.சி.யுடன் மாமல்லைக் கடற்கரையில் அமர்ந்திருந்தபோது கண்ட மனக்காட்சிகளே இதற்கு வித்து என்று அவரே கூறியிருக்கிறார். மகேந்திரவர்மரும், மாமல்லரும், வாதாபியை ஏறத்தாழ 642-இல் வென்ற சேனாபதி பரஞ்சோதியும் சரித்திரத்தில் உள்ளவர்கள். ஆயனச் சிற்பியும், ஆடல் மகள் சிவகாமியும், நாகநந்தியும் கல்கியின் கற்பனை. இதைத் தெரிந்துகொண்டு படிப்பது நல்லது. தேர்வில் சிவகாமியை எழுதி வைத்தால் மதிப்பெண் போய்விடும்! ஆனால் சபதம் செய்த ஒரு பெண், அந்தச் சபதம் நிறைவேறிய பின்னும் தன் வாழ்வைத் திரும்பப் பெற முடியாமல் போனதை எங்களால் எளிதில் மறக்க முடியவில்லை. நான்காம் பாகத்தின் பெயரே 'சிதைந்த கனவு'. படித்தபின் செங்கற்பட்டை அடுத்த வல்லத்துக்குப் போய்ப் பாருங்கள். மகேந்திரவர்மர் காலத்துக் குகைக்கோயில் அங்கே இருக்கிறது.

'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்தது. மணியத்தின் ஓவியங்களுக்காகவும் இதழை எதிர்பார்த்தவர்கள் உண்டு. இடையே பாரதிக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்பப் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 1947-இல் அது திறக்கப்படவும் காரணமாயிருந்தார். இசை விமர்சனமும் விடவில்லை. 'மீரா' படப் பாடலும் எழுதினார்.

ஐந்து பாகங்களையும் முடித்த அதே ஆண்டு, டிசம்பர் 5-ஆம் நாள், 55-ஆம் வயதில் மறைந்தார். 'அலை ஓசை'க்கு 1956-இல் சாகித்திய அகாதெமி பரிசு வந்தபோது பெற்றுக்கொள்ள அவர் இல்லை. அந்நூலில் நாட்டுப் பிரிவினைக் கொடுமைகள் வருவதால், பத்தாம் வகுப்புக்குப் பின் படிக்கலாம் என்பது எங்கள் கருத்து. 'பொன்னியின் செல்வ'னைக் கோடை விடுமுறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். எடுப்பவர்கள் முதல் பாகத்தோடு இரண்டாவதையும் சேர்த்தே எடுங்கள். முதல் பாகம் முடியும் இடத்தில் கையில் அடுத்தது இல்லாவிட்டால் அன்றிரவு தூக்கம் வராது.