தமிழை அச்சேற்றிய அண்டிறிக் அடிகளார்

உங்கள் வீட்டிலுள்ள செபப் புத்தகத்தை ஒருமுறை கையில் எடுத்துப் பாருங்கள். அதன் முதல் மூதாதை 1578ஆம் ஆண்டு ஒக்ரோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சாகி வெளிவந்த 16 பக்கச் சிறு நூலாகும். அதன் பெயர் தம்பிரான் வணக்கம். இந்திய மொழியொன்றின் சொந்த எழுத்தில் அச்சாகி இன்று நம் கைக்கெட்டியுள்ள நூல்களுள் இதுவே மிகப் பழையது. இங்கிலாந்தில் கக்ஸ்ரன் என்பார் முதல் அச்சுக்கூடத்தை நிறுவியது 1476இல். ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குள் தமிழும் அச்சேறிவிட்டது!

இந்நூலைத் தமிழில் ஆக்கியவர் அண்டிறிக் அடிகளார். 1520இல் போர்த்துக்கலின் வில்லா விசோசா என்னும் ஊரில் பிறந்தவர். முதலில் பிரான்சிஸ்கு சபையில் சேர்ந்தார். ஆனால் அவருடைய முன்னோர் யூதர்கள் என்ற காரணத்தால் அங்கிருந்து விலக நேர்ந்தது. திருச்சபையின் சரித்திரத்தில் நாம் பெருமைப்பட முடியாத பக்கங்களும் உண்டு என்பதை மறைப்பானேன்? 1545இல் சேசு சபை அவரை ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே கோவாவுக்குக் கப்பலேறினார். 1547இல் முத்துக்குளித்துறைக்கு வந்து, புன்னைக்காயலைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்டார்.

அக்காலத்துக் குருக்கள் பெரும்பாலும் துபாசிகளை வைத்தே பிரசங்கம் செய்தனர். சொன்னது ஒன்று, சனங்கள் கேட்டது வேறொன்று என்றாவது வழக்கம். புனித சவேரியார் தமிழைக் கற்கும்படி அண்டிறிக் அடிகளாரைப் பணித்தார். நோயாளியான அம்மனிதர் இரவு பகலாய் முயன்று, சில மாதங்களிலேயே துபாசியின்றிப் பேசத் தொடங்கினார். பின்வருவோருக்காக ஓர் இலக்கணமும் எழுதினார். 1560இல் போர்த்துக்கேயர் மன்னாரைக் கைப்பற்றியபின் பரதவர் பலர் அங்கு குடியேறியபோது, அவரும் உடன்வந்து ஊழியம் செய்தார். தமிழ் கற்பிக்க மன்னாரிலோ புன்னைக்காயலிலோ ஒரு கல்விச்சாலை அமைய வேண்டும் என்று அவர் விரும்பியதை ஈழத்தவராகிய நாம் நினைவிற் கொள்வது நன்று.

இனி அச்சு வேலையைப் பார்ப்போம். 1554இலேயே லிஸ்பனில் ஒரு தமிழ் மறைக்கல்வி நூல் அச்சானது. ஆயினும் அது உரோம எழுத்தில் இருந்தது. ஓலை ஏடு வாசித்துப் பழகிய நம்மவருக்கு அதனால் என்ன பயன்? தமிழ் எழுத்தே வேண்டும். ஒவ்வோர் எழுத்தையும் கண்ணாடியிற் தெரிவதுபோல் இடம்வலமாக உலோகத்திற் செதுக்கி, அதிலிருந்து அச்செழுத்து வார்க்க வேண்டும். 1577இல் கோவாவில் யுவான் கொன்சால்வெஸ் என்னும் சகோதரர் ஒரு தொகுதி செய்தார். மறு ஆண்டு கொல்லத்தில் பாரியா அடிகளார் இன்னொரு தொகுதி செய்தார். அந்நூலில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. எழுத்தாணியாற் புள்ளி குத்தினால் ஓலை பொத்துப்போகும் என்பதால் ஏடெழுதுவோர் அதை விட்டுவிடுவர். அவ்வழக்கமே அச்சுக்கும் வந்தது. மட்டக்களப்புப் பகுதியில் பழைய ஏடுகளைக் கண்டவர்களுக்கு இது புதிதாயிராது.

செலவுக்குப் பணம் தந்தவர்கள் யார் தெரியுமா? வாகரைக் கரையில் வலை இழுக்கும் நம் சகோதரரைப் போன்ற கடற்றொழிலாளர்களே. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 400 குருசாதோ நாணயம் திரட்டிக் கொடுத்தார்கள். தமிழின் முதல் அச்சுக்கூடத்துக்கு முதலிட்டவர்கள் அவர்கள்தாம்.

1579இல் கொச்சியில் கிரிசித்தியானி வணக்கம் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பாவசங்கீர்த்தன நூலும், 1586இல் 600 பக்கங்களுக்கு மேற்பட்ட அர்ச்சிஷ்டர்களின் சரித்திரமும் அச்சாயின. பிறகு இந்நூல்கள் மறக்கப்பட்டன, பிரதிகளும் அழிந்தன. தம்பிரான் வணக்கத்தின் பிரதி அமெரிக்காவின் ஹார்வார்ட் பல்கலைக்கழகத்திலும், அர்ச்சிஷ்டர் சரித்திரம் வத்திக்கான் நூலகத்திலும் பாதுகாக்கப்பட்டுள்ளன. 1950களில் ஐரோப்பிய நூலகங்களில் தேடியலைந்து இப்பழைய நூல்களைப் பற்றித் தமிழுலகுக்கு எடுத்துரைத்தவர் நம் நாட்டுத் தனிநாயகம் அடிகளார்.

அண்டிறிக் அடிகளார் ஐம்பதாண்டுகளுக்கு மேல் அக்கரையிலேயே உழைத்து, 1600ஆம் ஆண்டு காலமானார். பிறருக்காக அச்சு எழுத்துத் தேடிய அவருடைய சொந்த இலக்கண நூல் மட்டும் கையெழுத்துப் பிரதியாகவே லிஸ்பனிற் கிடந்தது. அது 1982இல்தான் ஜெர்மனியில் அச்சேறியது.