மெழுகில் நின்ற குரல்: கௌஹர் ஜான்

இந்தப் பொன்விழா மலருக்கு, மறைந்த பெரியவர் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழு எங்களைக் கேட்டுக்கொண்டது. கௌஹர் ஜானின் பெயரைச் சொன்னதும், சபையில் ஆடிப் பாடிய ஒரு பெண்ணின் கதை நம் சங்க மலருக்குத் தேவையா என்று எங்களில் சிலரே முகம் சுளித்தார்கள். அதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் நம் மலையிலேயே இருக்கிறது.

சங்கத்தின் ஐம்பது ஆண்டுகளைத் தொகுக்க உட்கார்ந்தபோது கூட்டக் குறிப்பேடுகள் கிடைத்தன, ரசீதுப் புத்தகங்கள் கிடைத்தன, மங்கிய படங்களும் கிடைத்தன. ஒருவருடைய குரலும் கிடைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்து லயத்தில், குளிருக்குக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு நூறு மசலாவை முதலிலிருந்து கடைசிவரை ராகத்தோடு சொன்ன ஒரு பாட்டியம்மா எங்கள் சிறுவயதில் இருந்தார். தாலாட்டும் முனாஜாத்தும் கல்யாணப் பைத்தும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. அன்று ஊரில் டேப் ரிக்கார்டர் இல்லாமலில்லை. அதில் சினிமாப் பாட்டுத்தான் ஓடியது. பாட்டியம்மா மௌத்தானதோடு அந்த ராகமும் போயிற்று.

கௌஹர் ஜான் 1873 ஜூன் 26 அன்று ஆசம்கரில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் ஏஞ்சலினா யோவர்ட். தந்தை ராபர்ட் வில்லியம் யோவர்ட் ஆர்மீனிய வழிவந்த பொறியாளர், தாய் விக்டோரியா. அந்த மணவாழ்வு 1879இல் முறிந்தது. 1881இல் தாயும் மகளும் குர்ஷீத் என்ற பிரமுகரின் ஆதரவில் பனாரஸ் வந்து இஸ்லாத்தைத் தழுவினார்கள். விக்டோரியா மல்கா ஜான் ஆனார், மகள் கௌஹர் ஜான் ஆனார். இரண்டு ஆண்டுகள் கழித்து இருவரும் கல்கத்தா போனார்கள். ஆங்கிலேயர் நாடு கடத்திய அவத் நவாப் வாஜித் அலி ஷா அங்கே மட்டியாபுர்ஜில் ஒரு குட்டி லக்னோவையே உருவாக்கி வைத்திருந்தார். மல்கா ஜான் அவர் அவையில் பாடினார். மகளுக்குப் பெரிய உஸ்தாதுகளிடம் பாட்டும், பிந்தாதீன் மகராஜிடம் கதக்கும் கற்பிக்கப்பட்டன. 1887இல் தர்பங்கா சமஸ்தானத்தில் கௌஹர் முதன்முதலாக அவையேறினார்.

1902ஆம் ஆண்டு லண்டனிலிருந்து கிராமபோன் கம்பெனி ஆள் ஃபிரெட் கேய்ஸ்பர்க் கல்கத்தா வந்து இறங்கினார். ஓட்டல் அறையில் இயந்திரத்தை வைத்தார்கள். மைக் என்பது அன்று கிடையாது. சுவரிலிருந்து நீண்ட ஒரு தகரக் குழலுக்குள் முகத்தைக் கொடுத்து உரக்கப் பாட வேண்டும். அந்த அதிர்வில் ஓர் ஊசி மெழுகுத் தட்டில் கோடு கீறும். தட்டு மூன்று நிமிடத்தில் முடிந்துவிடும். ஒரு ராகத்தை மணிக்கணக்கில் விரித்துப் பாடிப் பழகியவர்களுக்கு இது மூச்சை அடைப்பது போல இருந்திருக்கும். இயந்திரம் குரலை எடுத்துக்கொண்டுவிடும் என்று பல வித்வான்கள் அஞ்சினார்கள். சந்தையில் விற்கும் தட்டில் தங்கள் வித்தை ஏறுவதை இழிவாக நினைத்தவர்களும் உண்டு. அவர்களில் பலர் எப்படிப் பாடினார்கள் என்பது இன்று யாருக்கும் தெரியாது.

கௌஹர் நவம்பர் 11 அன்று வந்தார். ஓர் அமர்வுக்கு 3,000 ரூபாய் கேட்டு வாங்கினார் என்பார்கள். அன்றைக்கு அது ஒரு சொத்து விலை. மூன்று நிமிடத்துக்குள் பாட்டைச் சுருக்கிப் பாடிவிட்டு, கடைசியில் தம் பெயரையும் ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். மெழுகுத் தட்டுகள் ஜெர்மனியின் ஹனோவருக்குக் கப்பலேறும். அங்கே வேலை செய்பவர்களுக்கு மொழியும் தெரியாது, பாடியவரும் தெரியாது. பெயர் தட்டிலேயே இருந்தால் லேபிள் மாறாது. பிறகு அது அவருடைய முத்திரையாகவே ஆகிவிட்டது. 1908இல் கல்கத்தா சியால்தாவில் தொழிற்சாலை வந்த பிறகு கப்பல் பயணம் குறைந்தது. தட்டு செய்யும் அரக்கு முன்பிருந்தே இந்தியக் காட்டுப் பூச்சி தருவதுதானே!

பத்துக்கும் மேற்பட்ட மொழிகளில் சுமார் 600 தட்டுகள் பதிந்தார். 1910இல் சென்னை விக்டோரியா பப்ளிக் ஹாலில் பாடினார். அவருடைய உருதுப் பாட்டுகள் தமிழ் இசைப் புத்தகம் ஒன்றிலும் அச்சாயின. 1911 டில்லி தர்பாரில் அலகாபாத் ஜானகி பாயோடு சேர்ந்து பாடினார். ஆஸ்திரியாவில் செய்த தீப்பெட்டியில் அவர் படம் வந்தது. காந்தியடிகளின் சுயராஜ்ய நிதிக்காகக் கச்சேரி செய்ய ஒப்புக்கொண்டார் என்றும், வருவதாகச் சொன்ன காந்தி தாம் வராமல் மௌலானா ஷௌகத் அலியைப் பணம் வாங்க அனுப்பியதால், வாக்கில் பாதிதான் நிறைவேறியது என்று சொல்லி வசூலான 24,000இல் 12,000 மட்டும் கொடுத்தார் என்றும் ஒரு செய்தி உண்டு.

இத்தனை புகழும் வீட்டுக்குள் அவருக்குக் கைகொடுக்கவில்லை. 1906இல் தாய் மறைந்தார். வீட்டுப் பணிப்பெண்ணின் மகன், மல்கா ஜானின் உண்மையான வாரிசு தானே என்று வழக்குத் தொடுத்தான். நாடே அறிந்த பாடகி, தம் தாய்க்குத் தாம்தான் பிள்ளை என்று நீதிமன்றத்தில் நிரூபிக்க வேண்டி வந்தது. சிறுவயதிலேயே பிரிந்து போன தந்தையைத் தேடிப் போய் உதவி கேட்டார். வழக்கில் வென்றார். தம்மைவிட வயதில் இளையவரான செயலர் அப்பாஸோடு ஏற்பட்ட உறவும் வழக்கில்தான் முடிந்தது. சொத்தில் பெரும்பகுதி கரைந்தது. 1928 ஆகஸ்டில் மைசூர் மகாராஜா நான்காம் கிருஷ்ணராஜ உடையார் மாதம் 500 ரூபாய்க்கு அரண்மனைப் பாடகியாக அமர்த்தினார். 1930 ஜனவரி 17 அன்று மைசூரில் அவர் வஃபாத்தானார்.

அடுத்த தலைமுறை அவரை மறந்தது. தட்டுகள் பரண்களிலும் பழைய சாமான் கடைகளிலும் கிடந்தன. அரக்குத் தட்டு கைதவறினால் உடைந்துவிடும். சேகரிப்பவர்கள் ஒவ்வொன்றாகத் தேடி எடுத்துத் துடைத்து வைத்ததால்தான் அவற்றில் பல இன்று கணினிக்கு ஏற்றப்பட்டு, பிரிஞ்சாங்கில் உட்கார்ந்திருக்கும் எங்கள் காதுக்கும் எட்டுகின்றன. கீறல் இரைச்சலுக்கு அடியில் ஒரு பாட்டு ஓடுகிறது. அது முடியும் இடத்தில், சிரிப்பும் மிடுக்குமாக அந்தப் பெயர் வருகிறது.

நம் பாட்டியம்மாவிடம் தகரக் குழல் ஏந்தி யாரும் வரவில்லை. இப்போது ஒவ்வொரு சட்டைப்பையிலும் பதிவுக் கருவி இருக்கிறது. மசலாவோ, தாலாட்டோ, கங்காணி காலத்துத் தோட்டக் கதையோ சொல்லத் தெரிந்த பெரியவர்கள் வீட்டில் இருந்தால், சங்கச் செயலாளரிடம் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். மழை ஓய்ந்த நேரமாகப் பார்த்து வருகிறோம். தகரக் கூரையில் மழை விழுந்தால் எதுவும் பதிவாகாது. பாடி முடித்ததும் தம் பெயரையும், ஊரையும், இருந்த தோட்டத்தையும் பெரியவர்கள் தங்கள் வாயாலேயே சொல்லட்டும்.