செவ்வாய்க் கிரகத்தாரைப் படையெடுக்கச் செய்தவர்

வேற்றுக் கிரகத்தவர் வானினின்று இறங்கி வந்து பூவுலகைத் தாக்குவதாகக் காட்டும் அமெரிக்கத் திரைப்படங்களுக்கு நம் இளைஞரிடையே பெருமதிப்பு உண்டு. என்னிடம் நன்னூல் கற்க வரும் மாணவர் அப்படங்களைப் பற்றி உரையாடும்போது அவர்தம் முகத்திலே தோன்றும் மலர்ச்சி, குற்றியலுகரத்தை நான் விளக்கும்போது ஒருநாளும் தோன்றியதில்லை. ஆதலின் நானும் அவற்றுட் சிலவற்றைப் பார்த்தேன். பார்த்தபின், அவ்வகைக் கதைகளுக்கெல்லாம் முதனூல் செய்தவரான எச். ஜி. வெல்ஸின் வாழ்க்கையையும் அவர்தம் நாவலையும் மீண்டும் படித்தேன். முதனூல் ஒன்று சொல்ல, வழிநூல்கள் வேறொன்று சொல்கின்றன என்பது என் துணிபு.

ஹேர்பேர்ட் ஜோர்ஜ் வெல்ஸ் 1866 ஆம் ஆண்டு செப்டெம்பர் 21 ஆம் நாள் இங்கிலாந்தின் கென்ற் பகுதியிலுள்ள புறோம்லி என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் பீங்கான் கடை வைத்திருந்தார். கடையைவிடக் கிரிக்கெட் ஆட்டத்திலேயே அவருக்கு நாட்டம் மிகுதி. 1862 இல் ஓர் ஆட்டத்தில் அடுத்தடுத்த நான்கு பந்துகளில் நால்வரை ஆட்டமிழக்கச் செய்தவர் அவர். கடையோ நாளுக்குநாள் நலிந்தது. 1874 இல் கால் முறிந்து படுக்கையிற் கிடந்த சிறுவனுக்கு நூல்களே துணையாயின. மூன்றாண்டுகளின் பின் தந்தையாரும் விழுந்து கால் முறிந்தார், குடும்பம் சிதறிற்று. தாயார் சசெக்ஸிலுள்ள அப்பார்க் மாளிகையில் மனைமேற்பார்வையாளராகப் பணியேற்றார். மகன் துணிக்கடையிலே தொழில் பயிலச் சேர்க்கப்பட்டான். துணி மடித்துக் காலங் கழிப்பதை அவன் அடியோடு வெறுத்தான்.

1884 இல் உதவிப்பணம் பெற்று இலண்டனிலுள்ள விஞ்ஞான ஆசிரியப் பயிற்சிக் கல்லூரிக்கு அவர் சென்றதே வாழ்க்கையின் திருப்பமாயிற்று. அங்கே ஓராண்டு தோமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றார். டார்வினின் கொள்கைக்காக வாதிட்ட அப்பேராசிரியரிடம் அவர் கற்றது ஒன்று: உயிர்வரிசையிலே மனிதன் இறுதிப் படியல்லன், அவனுடைய மேன்மைக்கு எவரும் உறுதி தரவில்லை என்பது. பின்னர் ஆசிரியத் தொழில் செய்தார். 1887 இல் வேல்ஸ் நாட்டுப் பள்ளியொன்றிலே உதைபந்தாடும்போது பட்ட அடியால் சிறுநீரகம் சிதைந்து நெடுநாள் நோயுற்றார். படிப்பித்துக்கொண்டே 1890 இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தைப் பெற்றார். அதே வெளிவாரிப் பட்டத்துக்காக இரவெல்லாம் விழித்துப் படித்த ஈழத்து ஆசிரியர் எத்தனையோ பேர். அவர்களுக்கு வெல்ஸ் அந்நியரல்லர். 1893 இல் இரத்தம் கக்கி உடல் நலிந்தபோது வகுப்பறையைத் துறந்து எழுத்தையே தொழிலாகக் கொண்டார். காலயந்திரம் பற்றிய நாவல் 1895 இல் வெளிவந்தது. புகழும் உடன் வந்தது.

அவ்வாண்டிலேயே வோக்கிங் என்னும் ஊரிலே குடியேறினார். ஒருநாள் தமையனார் பிராங்குடன் உலாவச் சென்றபோது, வேறொரு கிரகத்தவர் திடீரென இங்கே இறங்கினால் எப்படியிருக்கும் என்று தமையனார் வினவினார். ரஸ்மேனியாத் தீவின் பழங்குடியினருக்கு ஐரோப்பியர் இழைத்த கொடுமையை ஒட்டி எழுந்த பேச்சு அது. அச்சிறு வினாவே நூலாயிற்று. வெல்ஸ் துவிச்சக்கர வண்டியிலே ஊரெங்கும் சென்று, செவ்வாய்க் கிரகத்தார் எரிக்கத்தக்க வீடுகளையும் கொல்லத்தக்க மனிதரையும் குறித்துக்கொண்டார். அயலவர் அறிந்திருப்பின் அவரை விருந்துக்கு அழைத்திரார் போலும்! 1897 இல் சஞ்சிகையிலே தொடராக வந்த கதை 1898 இல் நூலாக வெளிவந்தது.

அந்நியப் படை இங்கிலாந்தைத் தாக்கும் கதைகள் அதற்கு முன்பும் உண்டு. 1871 இல் ஜெர்மானியர் படையெடுப்பதாக ஒருவர் எழுதிய கதை நாட்டையே கலக்கிற்று. நாட்டின் படைபலத்தைப் பெருக்குக என்று தூண்டுவதே அவற்றின் நோக்கம். வெல்ஸ் அவ்வச்சத்தை எடுத்து வேறு திசையிலே திருப்பினார். முதல் அதிகாரத்திலேயே, செவ்வாயாரை இகழுமுன் ரஸ்மேனிய மக்களை நாம் என்ன செய்தோமென எண்ணிப் பார்க்குமாறு தம் நாட்டாரைக் கேட்கிறார். அம்மக்கள் முற்றாக அழிந்தனர் என்றே அவர் கருதினார். அவர்தம் வழித்தோன்றல்கள் இன்றும் வாழ்கின்றனர். அது நிற்க, பேரரசு உச்சியிலிருந்த காலத்திலே, விக்டோரியா மகாராணியின் வைரவிழா நடந்த அதே ஆண்டிலே, ஓர் ஆங்கிலேயர் தம் இனத்தாரை ஆளப்படுவோர் நிலையிலே நிறுத்திக் காட்டினார். அந்நாவலிலே வீரனில்லை. கதை சொல்வோன் ஒளிகிறான், பசிக்கிறான், ஓடுகிறான். மனிதன் அரியணையிழந்த விலங்கெனத் தன்னை உணர்கிறான். பெருந்திட்டம் பேசும் பீரங்கிப்படை வீரனொருவன் வாயால் உலகை மீட்கிறான், கையாற் சிறு குழிதான் தோண்டுகிறான். இறுதியில் எதிரிகளைக் கொல்வது மனிதரின் ஆற்றலன்று, கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்.

குருதியை உணவாகக் கொள்ளும் அச்செவ்வாயாரும் வெறும் அரக்கரல்லர். உடல் சுருங்கி மூளை பெருத்து, உணர்ச்சி வற்றிப்போன அவர்கள், நெடுங்காலத்தின் பின் மனிதரே அடையக்கூடிய வடிவமென்பது குறிப்பு. நமக்கோ இக்கதை முழுக் கற்பனையாகத் தோன்றாது. போர்த்துக்கேயர் வந்திறங்கிய செய்தியைக் கூறும் சிங்கள வரலாற்று நூலாகிய இராசாவலிய, வந்தவர் இரும்புச் சட்டை அணிந்தவரென்றும், கல்லைத் தின்று குருதியைப் பருகினரென்றும், இடிபோல முழங்கும் படைக்கலம் உடையரென்றும் கூறுகிறது. கல் பாண்; குருதி திராட்சை மது. அப்படைக்கலத்தின் முன் 1619 இல் யாழ்ப்பாண அரசும் வீழ்ந்தது.

வெல்ஸின் பிற்கால வாழ்க்கையை விரிப்பின் பெருகும். உலக வரலாறு எழுதினார். 1920 இல் லெனினையும் 1934 இல் ஸ்ராலினையும் கண்டு உரையாடினார். அணுகுண்டை 1914 இலேயே கற்பனையிற் கண்டார். இல்லறத்திலே நேர்மையானவரென்று அவரைச் சொல்ல இயலாது. 1938 ஒக்டோபர் 30 ஆம் நாள் ஒர்சன் வெல்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர் அந்நாவலைச் செய்தியறிக்கை போல வானொலியிலே நடித்தார். தமிழிலே இருவர் பெயரும் ஒன்றே. ஆங்கிலத்திலே ஓரெழுத்து வேறுபாடு. நாடே கலங்கியதாகப் பத்திரிகைகள் எழுதியது மிகையென்று பிற்கால ஆய்வாளர் கூறுவர். 1940 இல் அவ்விருவரும் ரெக்சாஸ் மாநிலத்திலே சந்தித்தனர். ஜெர்மானிய விமானங்கள் இலண்டன்மீது குண்டு பொழிந்த காலத்திலும் வெல்ஸ் அந்நகரை நிலையாக விட்டு நீங்கினாரல்லர். ஹிரோஷிமா எரிந்த செய்தியையும் கேட்டபின், 1946 ஓகஸ்ட் 13 ஆம் நாள் காலமானார்.

ஏழாண்டுகளின் பின் 1953 இல் அவர் நாவல் அமெரிக்கப் படமாயிற்று. இங்கிலாந்து கலிபோர்னியாவாயிற்று. ரஸ்மேனியா பற்றிய பேச்சு இல்லை. நாவலிலே அஞ்சிப் புலம்பும் பாதிரியார் போய், படத்திலே வேதநூலேந்தி எதிரியை நோக்கி நடந்து உயிர்விடும் போதகர் வந்தார். அணுகுண்டும் பயன்படாது போவது மட்டும் வெல்ஸுக்கு உவப்பாயிருந்திருக்கும். 1996 இல் றோலண்ட் எமரிச் எடுத்த படத்திலோ அமெரிக்க ஜனாதிபதியே விமானமேறிப் போர் புரிகிறார். கிருமியின் இடத்திலே கணினி வைரசு வருகிறது. அதனை ஏவுவோனும் மனிதனே. உலகத்தார் அனைவரும் அமெரிக்கர் திட்டத்துக்காகக் காத்திருக்கின்றனர். 2005 இல் ஸ்ரீவன் ஸ்பீல்பேர்க் எடுத்த படம் மூலத்துக்கு அணுக்கமானது. கிருமிகளும் மூன்று கால் இயந்திரங்களும் மீண்டன. ஆயினும் பிள்ளைகளைக் காக்க ஓடும் தந்தையின் கதையாக அது குறுகிற்று.

இப்படங்களிலே கவர்ச்சியில்லையென்று நான் சொல்லேன். நகரளவு பெரிதான விண்கலத்தின் நிழல் தெருவிலே படரும்போது என் உள்ளமும் நடுங்கிற்று. அதனையொத்த காட்சியை 1953 இலேயே நாவலாக்கியவர், பிற்காலத்திலே நம் நாட்டிற் குடியேறி 2008 இல் கொழும்பிலே மறைந்த ஆர்தர் சி. கிளார்க். தொல்காப்பியர் வகுத்த மெய்ப்பாடு எட்டனுள் மருட்கையும் அச்சமும் பெருமிதமும் இப்படங்களிலே நிரம்பியுள்ளன. அவற்றிலே அருகிக் காண்பது இளிவரல். தன் எளிமை கண்டு தான் கூசும் அவ்வுணர்ச்சியையே வெல்ஸ் தம் நாட்டாருக்கு ஊட்ட விரும்பினார். அதனை ஊட்டும் படத்துக்குச் சீட்டு விற்பது கடினம். வெள்ளை மாளிகை வெடித்துச் சிதறும் காட்சிக்கு அக்கடினமில்லை. விழுவது நம் வீடன்று என்ற துணிவோடு பெருங்கட்டடம் விழுவதைக் காண்பதில் மனிதருக்கு ஓர் இன்பமிருக்கிறது. அது நல்லின்பமா என்பது வேறு கேள்வி.

நாவலிலே வெல்ஸ் எரித்த வோக்கிங் நகரத்தார், நூல் வெளிவந்து நூறாண்டு நிறைந்த 1998 இல், ஊர் நடுவே ஏறக்குறைய ஏழு மீற்றர் உயரமான உலோகச் சிலையொன்றை நிறுத்தினர். அது வெல்ஸின் உருவமன்று. தங்கள் ஊரை எரித்த அந்த மூன்று கால் இயந்திரத்தின் உருவம்.