பாட்டாலே நியாயம் கேட்டவர்



நரிமணம் என்றால் நமக்கு பெட்ரோல் கிணறுதான் ஞாபகம் வரும். நம்ம நாகப்பட்டினத்துக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில்தான் 1810-ஆம் ஆண்டு வாக்கில் கோபாலகிருஷ்ண பாரதியார் பிறந்தார். எட்டயபுரத்து பாரதியார் வேறு, இவர் வேறு. இவர் அவருக்கு எழுபது வருஷம் மூத்தவர்.

இவருடைய அப்பா இராமசாமி பாரதியும் பாட்டுக்காரர்தான். பாரதியார் கல்யாணமே செய்துகொள்ளவில்லை. முடிகொண்டான், ஆனந்ததாண்டவபுரம், மாயவரம் என்று பல ஊர்களில் இருந்து பாட்டுக் கட்டினார். ஊர் ஊராகப் போய் பாட்டோடு கதை சொன்னார்.

அவர் எழுதியதில் பெரிய பெயர் வாங்கியது நந்தனார் சரித்திரக் கீர்த்தனை. பெரியபுராணத்தில் நந்தனார் கதை இருக்கு. ஆனால் அதில் பண்ணையார் கிடையாது. பாரதியார்தான் ஒரு பண்ணையாரைக் கதைக்குள் கொண்டு வந்தார். நந்தன் அவரிடம் வேலை செய்யும் பண்ணையாள். சிதம்பரம் போய் சாமி கும்பிட ஒரு நாள் லீவு கேட்டு அழுகிறான். பண்ணையார் திட்டி விரட்டுகிறார். கடைசியில் 40 வேலி நிலத்தையும் பயிர் செய்து முடித்துவிட்டுப் போ என்கிறார். 40 வேலி என்றால் சுமார் 266 ஏக்கர்! எங்க அம்மா நடவுக்குப் போறவங்க. ஒரு மா நட்டாலே ராத்திரி இடுப்பு வலியில் தூங்க மாட்டாங்க. அதனால் இந்த இடம் வரும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு. கதையில் சாமி ஒரே ராத்திரியில் பயிரை விளைய வைக்கிறார். பண்ணையார் நந்தன் காலில் விழுகிறார்.

பாரதியார் பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அப்படியிருந்தும் பண்ணையாளின் கஷ்டத்தை எல்லோர் முன்னாலும் பாடினார்.

மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாட்டில் இலக்கணப் பிழை இருக்கு என்று முதலில் பாயிரம் தரவில்லை. பாரதியார் திரும்பத் திரும்ப நடந்தார். ஒருநாள் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பாடினார். உள்ளே இருந்து கேட்ட பிள்ளை மனசு உருகிப் பாயிரம் எழுதிக் கொடுத்தார். காரைக்காலில் இருந்த ஒரு பிரெஞ்சு அதிகாரியும் அந்தப் புத்தகம் அச்சாக உதவினார்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி இருக்கு. கதையின் முடிவில் நந்தன் தீயில் இறங்கிய பிறகுதான் கோயிலுக்குள் போகிறார். தப்பு செய்யாதவர் ஏன் தீயில் இறங்கணும்?

நம்ம மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் கூலிப் பிரச்சினையில் 1968 டிசம்பர் 25 அன்று 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தார்கள். அதில் நிறைய பேர் பெண்களும் பிள்ளைகளும்தான். அதை நினைக்கும்போது இந்தக் கேள்வி இன்னும் பெரிசாகுது. 1950-இல் வந்த நம்ம அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டது. மனசிலிருந்தும் அது போகணும். அதற்கு ஒரு பாட்டும் உதவும் என்று காட்டியவர் நம்ம நரிமணத்துக்காரர். நாமும் யாரையும் ஒதுக்காமல் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம், சேர்ந்து பாடுவோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி